பயிற்றுநரும் பிசிக்கல் டைரக்டரும்: ஹாரி க்ரோ பக்கின் பணிவாழ்வு

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் 141ஆவது அமர்வு, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டிகளில் ஐந்து விளையாட்டுகளைச் சேர்க்க ஒப்புதல் அளித்தது. இந்திய நாளிதழ்கள் கிரிக்கெட்டைத் தலைப்பாக்கின. அதில் வியப்பில்லை. அதே பட்டியலில் இருந்த லக்ரோஸ் பற்றி இங்கே எவரும் பெரிதாகப் பேசவில்லை. நுனியில் வலை பின்னிய கோலால் பந்தை ஏந்தி ஓடி, சக ஆட்டக்காரருக்கு எறிந்து, இலக்கு வலைக்குள் செலுத்தும் ஆட்டம் அது. வட அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு உரியது. 1904, 1908 ஒலிம்பிக்குகளில் பதக்க விளையாட்டாகவும், 1928, 1932, 1948 ஆண்டுகளில் காட்சி விளையாட்டாகவும் இருந்து மறைந்தது. ஆயினும் அமெரிக்கக் கல்லூரிகளில் அது மறையவில்லை. அங்கே அதற்கு அணி உண்டு, பருவம் உண்டு, தலைமைப் பயிற்றுநர் என்ற பதவியும் உண்டு.

அந்தப் பதவியின் இயல்பை அறிய ஓர் எடுத்துக்காட்டு போதும். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் லக்ரோஸ் அணிக்கு ராய் சிமன்ஸ் 1931இலிருந்து 1970 வரை பயிற்றுநர். அடுத்த ஆண்டு அவருடைய மகன், அதே பெயரினர், பொறுப்பேற்று 1998 வரை நீடித்தார். தந்தையும் மகனுமாக ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஒரே கல்லூரியின் ஒரே அணி. இத்தகைய பணிவாழ்வு ஒரு குறிப்பிட்ட முறையில்தான் எழுதப்படுகிறது: எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி, எத்தனை பட்டம், தேசிய அளவுக்கு உயர்ந்த மாணவர் எத்தனை பேர்.

இந்தியப் பல்கலைக்கழக வரலாற்றில் இதற்கு இணையான ஆவணத் தொடர் எதுவும் இல்லை. நம் கல்லூரிகளில் நூறாண்டுகளாக விளையாட்டு உண்டு. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகள் உண்டு. கோப்பைகளைத் தூக்கிப் பிடித்த மாணவர்களின் குழுப் படங்கள் கல்லூரிக் கூடங்களில் தொங்குகின்றன. அந்தப் படங்களில் முதல் வரிசையின் நடுவில், முதல்வருக்குப் பக்கத்தில், வெள்ளைக் கால்சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் தலைமைப் பயிற்றுநர் அல்லர், பிசிக்கல் டைரக்டர். ஒரே வாரத்தில் கபடிக்கும் கைப்பந்துக்கும் தடகளத்துக்கும் அவரே பொறுப்பு. விளையாட்டு விழாவில் சுண்ணாம்புக் கோடு போடுவதும் அவர்தான், சுதந்திர தின அணிவகுப்பை நடத்துவதும் அவர்தான். இந்தப் பதவி தானாக முளைத்ததன்று. இதற்கு ஒரு பிறப்பிடம் உண்டு. அதை வகுத்ததில் பெரும்பங்கு, 1919இல் மதராசுக்கு வந்து 1943இல் அங்கேயே இறந்த ஓர் அமெரிக்கருக்கு உரியது.

ஹாரி க்ரோ பக் 1884 நவம்பர் 25 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் லிவர்பூல் என்ற சிற்றூரில் பிறந்தார். மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்தார். பின்னாளில் மதராசில் அவர் எடுத்த முடிவுகள் பலவற்றின் வேர் அந்தக் கல்லூரியில் இருப்பதால், அங்கே சற்று நின்றுதான் செல்ல வேண்டும்.

லூதர் குலிக் என்ற மருத்துவர் அக்கல்லூரியின் உடற்பயிற்சித் துறையை வழிநடத்தினார். உடல், மனம், ஆன்மா என்ற மூன்றையும் குறிக்கும் தலைகீழ் முக்கோணத்தை ஒய்.எம்.சி.ஏ.வின் அடையாளமாக்கியவர் அவரே. 1891 குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடத்தக்க புதிய விளையாட்டு ஒன்றை உருவாக்குமாறு அவர் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற இளம் ஆசிரியரைப் பணித்தார். நைஸ்மித் கனடாக்காரர், இறையியல் படித்தவர், மான்ட்ரியலின் ஷாம்ராக்ஸ் குழுவுக்காக லக்ரோஸ் ஆடியவர். தமக்குப் பழக்கமான அந்த ஆட்டத்தையே முதலில் உள்ளரங்குக்கு ஏற்ப மாற்றிப் பார்த்தார். நான்கு சுவர்களுக்குள் கோல்களுடன் இளைஞர்கள் மோதிக்கொண்டதால் அம்முயற்சி தோற்றது. கோலை விட்டு, பந்தைக் கையில் எடுத்து, இலக்கைத் தலைக்கு மேலே கிடைமட்டமாக வைத்தபோது கூடைப்பந்து பிறந்தது. லக்ரோஸின் தோல்வியிலிருந்து எழுந்த ஆட்டம் அது என்று சொன்னால் மிகையாகாது. நான்காண்டுகள் கழித்து, ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற வில்லியம் மார்கன் ஹோலியோக் நகரில் கைப்பந்தை வகுத்தார்.

1892 மார்ச்சில் அங்கே பொதுமக்கள் முன்னிலையில் ஆடப்பட்ட முதல் கூடைப்பந்துப் போட்டியில் மாணவர்கள் ஆசிரியர்களை 5–1 என வென்றனர். ஆசிரியர்களின் அந்த ஒற்றைப் புள்ளியை எடுத்தவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். அதே ஆண்டு அவர் புதிதாகத் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று, பேராசிரியருக்குரிய நிலையான பணியுரிமையுடன் உடற்பயிற்சித் துறைக்கும் கால்பந்து அணிக்கும் தலைவரானார். நாற்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். அமெரிக்கக் கல்லூரியின் தலைமைப் பயிற்றுநர் என்று இன்று அறியப்படும் உருவம் பெரும்பாலும் அவரிடமிருந்து தொடங்குகிறது. நைஸ்மித்தோ 1898இல் கேன்சஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். தாம் கண்டுபிடித்த ஆட்டத்துக்கே அங்கே ஒன்பது ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து 55 வெற்றியும் 60 தோல்வியும் கண்டார். அப்பல்கலைக்கழகக் கூடைப்பந்து வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த பயிற்றுநர் இன்றளவும் அவர் ஒருவரே. கூடைப்பந்து ஆடுவதற்கு உரியது, அதற்குப் பயிற்றுநர் எதற்கு என்ற கருத்துடையவராக அவர் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. ஒரே ஆசிரியர் அறையிலிருந்து புறப்பட்ட இவ்விருவரும் இரு வேறு தொழில்களின் முன்னோடிகள். ஒருவருக்கு அணி முதன்மை. மற்றவருக்கு ஆட்டத்தில் பங்கேற்கும் ஒவ்வொரு மாணவரும் முதன்மை.

பக் மதராசுக்கு எடுத்து வந்தது நைஸ்மித்தின் வழியை.

அவர் வந்த காலச்சூழலும் முக்கியமானது. இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலராக 1916இலிருந்து சேலத்தில் பிறந்த கே.டி. பால் இருந்தார், அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். கல்கத்தாவில் ஜே.எச். கிரே என்ற மருத்துவர் 1908 முதலே உடற்பயிற்சிப் பணியைத் தொடங்கியிருந்தார். 1919 சட்டத்தின்படி வந்த இரட்டையாட்சியில் கல்வி இந்திய அமைச்சர்களின் கைக்கு மாறியது. மதராஸ் மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. பள்ளிகளின் எண்ணிக்கையைப் பெருக்க விரும்பிய அரசுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். உடற்பயிற்சியைப் பொறுத்தவரை அன்று பள்ளிகளில் இருந்தவர் டிரில் மாஸ்டர். பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். கட்டளை, வரிசை, பிரம்பு ஆகிய மூன்றும் அவருடைய கருவிகள். பிள்ளைகள் கை கால்களை ஒரே நேரத்தில் தூக்கி இறக்கினால் பாடம் முடிந்தது. சம்பளத்திலும் மதிப்பிலும் அவர் கணக்கு வாத்தியாருக்குப் பல படிகள் கீழே இருந்தார்.

1920இல் பக்கும் அவருடைய மனைவி மேரியும் எளிய கூரைக் கொட்டகைகளில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். அதுவே பின்னர் சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரையில் இன்று நந்தனம் என வழங்கும் பகுதியில் பரந்த வளாகம் பெற்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. ஆசியாவிலேயே இத்துறையின் முதல் கல்லூரி என்ற பெருமை அதற்குச் சொல்லப்படுவதுண்டு. அதைவிடக் கவனிக்கத்தக்கது, அது எதைச் செய்யாமல் விட்டது என்பது. தனக்கென ஒரு வெற்றி அணியை உருவாக்குவதை அது முதல் நோக்கமாகக் கொள்ளவில்லை. ஊர் ஊராகச் செல்லப்போகும் ஆசிரியர்களை உருவாக்கியது. உடற்கூற்றியல், உடலியங்கியல், சுகாதாரம், விளையாட்டுமுறை, கற்பித்தல் பயிற்சி ஆகிய அனைத்தையும் பெற்று வெளியேறுபவர் திருநெல்வேலியிலோ ஹைதராபாத்திலோ ஒரு பள்ளியில் சேர்ந்து நானூறு பிள்ளைகளை ஆடவைக்க வேண்டும். சைதாப்பேட்டையில் அரசின் ஆசிரியர் கல்லூரி ஏற்கெனவே இருந்தது. ஆசிரியரை உருவாக்கும் ஊர் என்ற அதன் அடையாளத்தோடு பக்கின் திட்டம் இயல்பாகப் பொருந்தியது.

மதராஸ் அரசுக்கு அவர் உடற்கல்வி ஆலோசகராகவும் பணியாற்றினார். பள்ளிகளுக்கான பாடத்திட்டங்களை வகுத்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். விதிநூல் என்பது இன்று அற்பமாகத் தோன்றலாம். கைப்பந்தில் எத்தனை பேர், வலையின் உயரம் என்ன என்பதை அச்சில் பார்த்திராத மாவட்டத் தலைநகரங்களில் அத்தகைய நூலே நடுவர். இரண்டு பள்ளிகள் ஒரே விதியை ஒப்புக்கொண்டால்தான் அவற்றுக்கிடையே போட்டி நடக்கும். போட்டி நடந்தால்தான் மாவட்ட அணி, மாகாண அணி என்ற படிகள் உருவாகும். இந்த அடித்தளத்தை இடுவதற்கு வெற்றி தோல்விக் கணக்கு எதுவும் கிடையாது. ஆகையால்தான் அது வரலாற்றில் எளிதில் தவறிவிடுகிறது.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கூடைப்பந்தும் கைப்பந்தும் வந்தன. லக்ரோஸ் ஏன் இங்கே வேரூன்றவில்லை? விடையின் ஒரு பகுதி பொருளியல் சார்ந்தது. அக்காலத்து லக்ரோஸ் கோல் ஹிக்கரி மரத்தை வளைத்து, தோல் வாராலும் நரம்பாலும் பின்னிச் செய்யப்பட்டது. ஆளுக்கு ஒரு கோல் வேண்டும். முரட்டு ஆட்டம் என்பதால் காப்பு உடுப்பும் வேண்டும். கைப்பந்துக்கு ஒரு பந்தும் ஒரு வலையும் போதும். வலை இல்லாத ஊரில் இரு கம்பங்களுக்கிடையே கட்டிய கயிறு போதும். பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். சிறிய நிலத்தில், செருப்பில்லாத கால்களோடு, மாலை வெயில் தணிந்த ஒரு மணி நேரத்தில் ஆடி முடிக்கலாம். இன்றும் தமிழகக் கிராமங்களின் பள்ளி மைதானங்களில் இரண்டு கல்தூண்களோ சவுக்குக் கம்பங்களோ நிற்கும் காட்சியை எண்ணிப் பார்த்தால், எந்த ஆட்டம் ஏன் நிலைத்தது என்பது விளங்கும்.

விடையின் மறுபகுதி, மண்ணில் ஏற்கெனவே இருந்த ஆட்டங்களைப் பற்றியது. இங்கே லக்ரோஸின் சொந்த வரலாறு ஓர் ஒப்புமையைத் தருகிறது. அந்த ஆட்டத்துக்கு எழுத்து வடிவில் விதிகள் வகுத்தவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் என்ற மான்ட்ரியல் பல் மருத்துவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் அதைப் பழங்குடியினரிடமிருந்து எடுத்து, அளவுகளும் எண்ணிக்கையும் கொடுத்து, கனடாவின் தேசிய ஆட்டமாக முன்வைத்தார். 1880 அளவில் அவ்வாட்டத்தின் தேசியச் சங்கம், தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்ற காரணம் காட்டிப் பழங்குடியினரையே தன் போட்டிகளிலிருந்து விலக்கியது. ஆட்டம் ஏற்கப்பட்டது, ஆடியவர் வெளியே நிறுத்தப்பட்டார். சடுகுடு, கோ-கோ போன்ற ஆட்டங்களைப் பக் தம் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்ததையும் இதன் மறுபதிப்பு என்று ஒருவர் வாதிடலாம். அமெரிக்கர் ஒருவரின் ஒப்புதலால் சடுகுடு மதிப்புப் பெற வேண்டியிருந்தது என்ற சங்கடம் உண்மையானதே. ஆனால் விளைவு வேறு. 1923 அளவிலேயே மராட்டியப் பகுதியில் ஹு-து-து ஆட்டத்துக்கு இந்தியர்களே விதிகள் வகுக்கத் தொடங்கியிருந்தனர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் அங்கே சென்று இந்திய ஆட்டங்களைக் காட்டியது. 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு எழுந்தது. பல கைகள் ஒரே வேலையைச் செய்தன. பக்கினுடையது அவற்றுள் ஒரு கை. ஆட்டம் ஆடியவர்களின் கையைவிட்டுப் போகவில்லை.

பக்கின் பணிவாழ்வில் ‘பயிற்றுநர்’ என்ற சொல் நேரடியாகப் பொருந்தும் தருணம் 1924இல் வந்தது. டோராப்ஜி டாட்டாவின் முயற்சியால் 1920 ஆன்ட்வெர்ப் போட்டிக்கு இந்தியர் சிலர் அனுப்பப்பட்டிருந்தனர். அடுத்த முறை முறையாகத் தேர்வு செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் 1923இல் தற்காலிக ஒலிம்பிக் குழு அமைந்தது. 1924 பிப்ரவரியில் அகில இந்திய ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. பின்னாளைய தேசிய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்கம் அதுவே. அங்கே தேர்வான சிறு தடகளக் குழுவுடன் மேலாளராகவும் பயிற்றுநராகவும் பாரிஸ் சென்றவர் பக். மலபாரிலிருந்து தடையோட்டக்காரர் சி.கே. லட்சுமணன், பாட்டியாலாவிலிருந்து நீளம் தாண்டும் தலிப் சிங், நெடுந்தொலைவு ஓடும் பாலா சிங் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். அதே பாரிசில் அமெரிக்கத் தடகளக் குழுவின் பயிற்றுநர்களுள் ஒருவராக ஸ்டாக்கும் இருந்தார் என்பது வரலாற்றின் சிறு விளையாட்டு. ஸ்பிரிங்ஃபீல்டின் இரு கிளைகள் ஒரே ஓடுதளத்தின் அருகே நின்றன. ஒருவருக்குப் பின்னால் ஒரு கண்டத்தின் கல்லூரி அமைப்பு முழுவதும் இருந்தது. மற்றவருக்குப் பின்னால் நான்கு வயதுப் பயிற்சிப் பள்ளி ஒன்று.

இந்தியத் தடகளக் குழு பதக்கம் எதுவும் வெல்லவில்லை. வெற்றிக் கணக்கின்படி பயிற்றுநர் பக்கின் ஒலிம்பிக் பதிவு வெறுமை. லட்சுமணன் பின்னர் ராணுவ மருத்துவராகி இந்திய சுகாதாரப் பணிகளின் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். விளையாட்டு ஒருவரின் வாழ்வில் ஒரு பகுதியாக இருந்து அவரை வேறொரு பணிக்குத் தகுதியாக்க வேண்டும் என்ற ஸ்பிரிங்ஃபீல்டின் நம்பிக்கைக்கு இதைவிட நல்ல சான்று அகப்படாது. பாரிசிலிருந்து திரும்பிய பின் பக்கும், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்விப் பொறுப்பில் இருந்த ஏ.ஜி. நோரெனும் மாகாணங்களுக்குப் பயணம் செய்து அங்கங்கே ஒலிம்பிக் சங்கங்கள் அமைய உதவினர். 1927இல் டாட்டா தலைவராகவும் நோரென் செயலராகவும் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. அணியோடு சென்றவர் அணியை விட்டுவிட்டு மீண்டும் அமைப்பு வேலைக்கே திரும்பினார் என்பதே பக்கின் இயல்பு.

அவருடைய காலத்தில் வேறு வழியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மதராசிலிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டர் மேற்கே பெங்களூரில் கே.வி. ஐயர் என்பவர் தம் வியாயாமசாலையில் முற்றிலும் மாறுபட்ட ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தார். எடைப்பயிற்சியும் சூரிய நமஸ்காரமும் கலந்த முறை அவருடையது. அஞ்சல்வழிப் பாடங்கள் நடத்தினார். தம் செதுக்கிய உடலின் ஒளிப்படங்களை நூல்களில் வெளியிட்டார். மைசூர் அரண்மனை வட்டாரத்திலும் அவருக்கு மதிப்பு இருந்தது. கன்னடத்தில் ‘சாந்தலா’ போன்ற நாவல்களை எழுதியவரும் அவரே. ஐயரின் சாலையில் மையமானது தனியொருவரின் உடல். கண்ணாடியும் கர்லாக்கட்டையும் அதன் கருவிகள். பக்கின் மைதானத்தில் மையமானது குழு. பந்தும் விசிலும் அதன் கருவிகள். காலனியம் இந்திய உடலைப் பலவீனமானது என்று இகழ்ந்ததற்கு ஐயர் தம் தோள்களால் விடை சொன்னார். பக் அந்த இகழ்ச்சியை முழுவதும் கைவிட்டவர் அல்லர். ஒழுக்கமும் ஒத்துழைப்பும் ஆட்டத்தின் வழியே ஊட்டப்பட வேண்டியவை என்ற மிஷனரி நம்பிக்கையில், அவை இங்கே குறைவு என்ற முன்முடிவும் அடங்கியிருந்தது. ஒய்.எம்.சி.ஏ.வின் தெற்காசிய உடற்கல்வித் திட்டங்களை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஹரால்ட் ஃபிஷர்-டினே இந்த இரட்டைத் தன்மையைக் காட்டியிருக்கிறார். அமெரிக்கச் செயலர்கள் ஏகாதிபத்திய அரசோடும் நின்றனர், இந்திய நவீனத்துவத்தோடும் நின்றனர்.

இங்கே ஆவணங்கள் பற்றியும் ஒரு சொல் வேண்டும். வெளிநாட்டுச் செயலர்கள் ஆண்டுதோறும் தலைமையகத்துக்கு அறிக்கைக் கடிதம் எழுதினர். அவை இன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஒய்.எம்.சி.ஏ. ஆவணக்காப்பகத்தில் உள்ளன. நன்கொடையாளரை மனத்தில் வைத்து எழுதப்படும் கடிதம் வெற்றியையே பேசும். சைதாப்பேட்டையில் பயின்று வெளியேறிய ஆசிரியரின் கதையோ பள்ளிகளின் சம்பளப் பதிவேட்டிலும், ஆண்டு மலர்களிலும், முன்னாள் மாணவர்களின் நினைவிலும் சிதறிக் கிடக்கிறது. மினியாபொலிஸில் அமர்ந்து எழுதப்படும் தமிழக விளையாட்டு வரலாறு அமெரிக்கச் செயலர்களின் வரலாறாகவே முடியும் ஆபத்து உண்டு. பள்ளி மலர்களைத் தேடி அலையும் ஆய்வு மாணவர் ஒருவர் அதைத் திருத்தலாம்.

பக்கின் வழிக்கு ஒரு விலையும் இருந்தது. எல்லா மாணவருக்கும் எல்லா ஆட்டமும் என்ற கொள்கை, ஓர் ஆட்டத்தில் ஆழ்ந்த திறன் கொண்ட மாணவரைக் கைவிட்டது. கல்லூரி அவரை இனங்கண்டது. மாநிலப் போட்டிக்கு அனுப்பியது. அதற்கு மேல் அவரைச் செதுக்க அங்கே ஆள் இல்லை. ஆகவே இந்தியாவின் பெரும் பயிற்றுநர்கள் கல்லூரிக்கு வெளியே உருவாயினர். ஹைதராபாத்தின் எஸ்.ஏ. ரஹீம் பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர். ஆனால் 1950 முதல் அவர் கட்டியெழுப்பிய கால்பந்து அணி ஹைதராபாத் நகரக் காவல்துறையினுடையது. அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் அரையிறுதியை எட்டியது. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்றது. மறு ஆண்டு ஜூனில் அவர் புற்றுநோயால் மறைந்தார். பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் விமானப்படையிலிருந்து வந்தவர். ரயில்வே, படை, காவல்துறை, பெங்களூரின் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவையே விளையாட்டு வீரருக்குச் சோறும் பயிற்றுநரும் தந்தன. கல்லூரி ஒரு நுழைவாயிலாக மட்டும் நின்றது.

அரசு இந்தக் குறையை உணர்ந்து எடுத்த முடிவு விசித்திரமானது. பயிற்றுநர்களைக் கல்லூரிக்குள் கொண்டுவராமல், பயிற்றுநரைத் தயாரிக்கத் தனி நிறுவனம் அமைத்தது. 1957இல் குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி. அது பக்கின் வழியில் ஆசிரியரை உருவாக்குவது. 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம். அது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனிப் பயிற்றுநரை உருவாக்குவது. அதன் தெற்கு மையம் பின்னர் பெங்களூருக்கு வந்து, பீன்யா தொழிற்பேட்டைக்குத் தெற்கே மைசூர் சாலையில், பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தில் அமைந்தது. பல்கலைக்கழக வளாகத்திலேயே பயிற்றுநர் மையம் அமைந்தும், பல்கலைக்கழகக் கல்லூரிகளில் தலைமைப் பயிற்றுநர் என்ற பதவி உருவாகவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் பயிற்றுநர், இந்தப்பக்கம் பிசிக்கல் டைரக்டர். இரு படிப்பு, இரு சம்பளப் பட்டியல், இரு துறை அமைச்சகம். 1985இல் பயிற்றுநர்களுக்கெனத் துரோணாச்சாரியார் விருது தொடங்கியபோது நம்பியாரும் முதல் அணியில் அதைப் பெற்றார். பல்கலைக்கழக விளையாட்டுக்கு 1956–57 முதல் வழங்கப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையோ பல்கலைக்கழகத்தின் பெயருக்கே போகிறது.

பிசிக்கல் டைரக்டரின் நிலை இந்நூற்றாண்டில் ஊதியத்தில் உயர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் கல்லூரி உடற்கல்வி இயக்குநரை உதவிப் பேராசிரியருக்கு இணையான ஊதிய நிலையில் வைக்கின்றன. முதுகலைப் பட்டமும் தகுதித் தேர்வும் வேண்டும். டிரில் மாஸ்டரைக் கணக்கு வாத்தியாருக்குச் சமமாக்க வேண்டும் என்று 1920இல் தொடங்கிய முயற்சி, தாள்களில் நிறைவேறிவிட்டது எனலாம். அதே விதிகளில் உடற்தகுதிச் சோதனை ஒன்றும் உண்டு. முப்பது வயதுக்குட்பட்ட ஆண் விண்ணப்பதாரர் பன்னிரண்டு நிமிடங்களில் 1,800 மீட்டர் ஓடவோ நடக்கவோ வேண்டும். அதே வயதுப் பெண் எட்டு நிமிடங்களில் 1,000 மீட்டர். இயற்பியல் பேராசிரியருக்கு இத்தகைய நிபந்தனை இல்லை. இயக்குநரும் தம் உடலால் தகுதியை நிறுவ வேண்டும் என்ற இந்தக் கோரிக்கையில் பழைய டிரில் மாஸ்டரின் நிழல் இன்னும் தெரிகிறது.

பக் 1943 ஜூலை 24 அன்று மதராசில் காலமானார். அவர் பெயரால் நடக்கும் பக் நினைவு விளையாட்டுப் போட்டி சென்னையின் கல்லூரி மாணவர்களுக்குப் பழக்கமானது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று ஓடுதளத்தில் காலணி கட்டிக்கொண்டிருக்கும் மாணவரிடம் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்காது. மைதானத்தின் ஓரத்தில், அவர்களைப் பேருந்தில் அழைத்து வந்து, மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்களை எண்ணி வாங்கிவைத்து, நுழைவுப் படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் பிசிக்கல் டைரக்டருக்குத் தெரிந்திருக்கும்.